நிலானிக்கு வந்த பதில்

போன கிழமை மகளின் புத்தகப் பையைத் துப்புரவாக்கப் போனேன். அடியில் சப்பளிந்து கிடந்த ஒரு வாழைப்பழத்தோடு ஒட்டிக்கொண்டு மஞ்சள் கடுதாசி ஒன்று வெளியே வந்தது. ஓகஸ்ட் விடுமுறைப் பாசறை. பத்து நாள். நீச்சல், சித்திரம், தலைமைத்துவம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தலைமைத்துவம் என்ன கோதாரிக்கோ தெரியவில்லை. வீட்டில் ஏற்கெனவே அவள்தான் தலைவர். கடைசியில் பெற்றார் கையெழுத்து வைக்க ஒரு புள்ளிக்கோடு.

"அம்மா, என்ரை வகுப்பிலை எல்லாரும் போகினம்."

"நீ போகேல்லை."

"ஏன்?"

"ஏனெண்டால் ஏன்தான்."

நான் பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். இப்படியொரு பதிலை வகுப்பில் சொன்னால் அதிபர் கூப்பிட்டு விசாரிப்பார். இவரோ பேப்பருக்குள் இருந்து தலையை எடுக்காமலே, "இஞ்சரும், பிள்ளை ஆசைப்படுது. கையெழுத்தைப் போட்டுக் குடுமன்" என்றார். அவருக்கு என்ன தெரியும்? கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசத்தில் நான் அவருக்குச் சொல்லாத கதை இது ஒன்றுதான். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எங்கேயோ இருந்து வாசிக்கிறீர்கள். உங்கள் மூஞ்சையை நான் பார்க்க வேண்டியதில்லை.

அந்தக் கடுதாசியில் பழம் அழுகின மணம். எனக்குத் தெரிந்த ஒரே பாசறையிலும் அந்த மணந்தான். நீர்வேலியிலிருந்து குலை குலையாக வாழைப்பழம் லொறியில் வந்து இறங்கும். காலைச் சாப்பாட்டுக்கும் பழம், விளையாடினாலும் பழம், அழுதாலும் பழம். அறுபது பிள்ளைகள் சாப்பிட்டும் முடியாது. மிச்சம் மூலையில் கிடந்து கறுக்கும். இன்றைக்கும் பழக்கடையைக் கண்டால் நான் தெருவின் மற்றப் பக்கம் போய்விடுவேன். இவர் எனக்கு வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சண்டை முடிந்து இரண்டு வருசம் இருக்கும். எனக்கு இருபத்தொரு வயது. ஏ.எல். சோதனை இரண்டு தரம் எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்காமல் உரும்பிராயில் வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தேன் என்றால், அம்மாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன் என்று விளங்கிக்கொள்ளுங்கள். அப்போதெல்லாம் மழைக்குக் காளான் முளைத்ததுபோல நிறுவனங்கள். சந்திக்குச் சந்தி ஒரு பெயர்ப்பலகை, ஒழுங்கைக்கு ஒரு வெள்ளை வாகனம். அதில் ஒரு நிறுவனம், தகப்பனையோ தாயையோ இழந்த பிள்ளைகளுக்குத் தீவுப் பக்கம் ஒரு கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் பத்து நாள் பாசறை வைத்தது. பிள்ளைகளைப் பார்க்க எங்களைப்போல வேலையில்லாத பத்துப் பேரை எடுத்தார்கள். செம்மஞ்சள் நிறத்தில் ரீ சேட் தந்தார்கள். நெஞ்சில் சிரிக்கிற சூரியன். முதல் நாள் பஸ்ஸில் ஒரு ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சி பிள்ளை? எப்ப எலெக்சன்?" என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தோம். சிரிக்கத்தான் அங்கே ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும், படத்தைக் காசு தருகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

என்னுடைய குழுவில் ஆறு பிள்ளைகள். அதில் ஒருத்தி நிலானி. ஒன்பது வயது, கொடிகாமம். ஒடிசலான பிள்ளை. எண்ணெய் வழிய வாரி இழுத்த இரட்டைப் பின்னல். தகப்பனைப் பற்றிப் பதிவுத் தாளில் "காணாமல் போனவர்" என்று மட்டும் இருந்தது. சண்டையின் கடைசிக் கிழமையில், விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்களாம். ஏறு, கெதியாக விட்டுவிடுவினம் என்று தாய்தான் அவரைத் தள்ளி ஏற்றிவிட்டவளாம். அதை எனக்கு நிலானிதான் சொன்னாள், மணலில் சிப்பி பொறுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்கிறதுபோல.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து எங்களுக்குப் பயிற்சி தர ஒரு வளவாளர் வந்தார். பிள்ளைகளின் மனதில் அடைபட்டிருப்பதைத் திறந்துவிட வேண்டுமாம். அட்டைப் பெட்டி ஒன்றுக்குச் சிவப்புப் பூசி, வாய் வெட்டி, தபால் பெட்டி செய்தோம். உங்களுக்கு விருப்பமானவர்களுக்குக் கடிதம் எழுதிப் போடுங்கள் என்றார். கடைசி நாளில் எல்லாக் கடிதத்தையும் கடலில் விடுவதாகத் திட்டம். அதைப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, பின்னேர வாகனத்தில் அடுத்த பாசறைக்குப் போய்விட்டார். நாங்கள் விளங்கச் சொன்னோமா? சொன்னோம் என்றுதான் நினைக்கிறேன். பழம் பங்கிடுகிற அவசரத்தில் சொன்னோம்.

ஒரு பெடியன் தன்னுடைய ஆட்டுக்கு எழுதினான். இன்னொரு பெட்டை சைக்கிள் வேண்டுமென்று முருகனுக்கு எழுதினாள். நிலானி எழுதியது எனக்கு இன்னும் பாடம்.

"அன்புள்ள அப்பா, நாங்கள் இப்ப பழைய வீட்டிலை இல்லை. கொடிகாமத்திலை பெரியம்மா வளவுக்குள்ளை இருக்கிறம். சந்தைக்குப் பின் ஒழுங்கை. நீங்கள் பழைய வீட்டுக்குப் போய் ஆளில்லை எண்டு திரும்பிப் போயிடாதேங்கோ. பதில் போடுங்கோ."

அடுத்த நாள் காலமை பாணும் பருப்பும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். "அக்கா, தபால்காரர் வந்தவரோ?" அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. பிறகு சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். அடம் இல்லை, அழுகை இல்லை. பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இது கடலில் விடுகிற கடிதம் பிள்ளை, உண்மையான தபால் இல்லை என்று இருத்திவைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பீங்கானில் இன்னொரு துண்டுப் பாணை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். இருபத்தொரு வயதில் எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம் இருந்தது, அதுதான் பிழை. ஒரு பிள்ளை என்னால் அழக்கூடாது என்று நினைத்தேன். பிள்ளையை நினைத்தேனா, என்னை நினைத்தேனா என்று இப்போது கேட்டால் பதில் எனக்கே தெரியும்.

மத்தியானம் பிள்ளைகள் பாயில் படுத்திருந்த நேரம், கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்துப் பதில் எழுதினேன். அதற்கு முதல் நான் பார்த்த கெட்டித்தனத்தைக் கேளுங்கள்: "அப்பா உன்னைச் செல்லமாய் என்னெண்டு கூப்பிடுறவர்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டு வைத்திருந்தேன். "குஞ்சு" என்றாள். குஞ்சு, நான் சுகமாய் இருக்கிறன், தூரத்திலை வேலை, இப்ப வர ஏலாது, அம்மாவைப் பார்த்துக்கொள், வடிவாய்ச் சாப்பிடு. ஐந்து வரி. எழுத்தைக் கொஞ்சம் சரித்து, ஆம்பிளை எழுத்துப்போல எழுதினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கடிதம் எழுதுவதில் நான் பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலாம் ஆள். உச்சியில் பிள்ளையார் சுழி, வலப்பக்க மூலையில் இடம், அதற்குக் கீழே திகதி. இடமும் திகதியும் இல்லாத கடிதம் கடிதமே இல்லை என்று எங்கள் தமிழ் வாத்தியார் புள்ளி வெட்டுவார். எங்களுக்கெல்லாம் அது கையில் ஊறிப்போனது. யோசிக்காமலே "கொழும்பு" என்று போட்டேன். கீழே அன்றைய திகதியையும் போட்டேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, வாத்தியார் பார்த்தால் முழுப் புள்ளி தருவார் என்று ஒரு பெருமை வேறு. விசரி!

அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று கையில் கொடுத்தேன். நின்ற நிலையில் வாசித்தாள். பிறகு இருந்து வாசித்தாள். அன்று பின்னேரம் மூன்று துண்டுப் பாண் சாப்பிட்டாள். மிச்ச நாளெல்லாம் அந்தப் பாசறையில் ஓடினது, கத்தினது, தண்ணீரில் விழுந்தது எல்லாம் அவள்தான். பொறுப்பாளர் அண்ணை வந்து பார்த்துவிட்டு, "என்ன மாயம் செய்தனீர்?" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த நாலு நாளும் என்னுடைய வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோசமாக இருந்த நாட்கள். அதை நினைத்தால்தான் இப்போது என்னை எனக்கே பிடிக்காமல் போகிறது.

கடைசி நாள் தாய்மார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் பரிசுப் பைகள் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிலானி தாயை இழுத்துக்கொண்டுபோய் வேம்புக்குக் கீழே நிறுத்திக் கடிதத்தைக் காட்டுவதைக் கண்டேன். அவள் கடிதத்தைத் தாய்க்குக் காட்டுவாள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நம்புவீர்களா? தோன்றவில்லை. தாய் அப்படியே மணலில் இருந்தாள். என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். பிறகு எழும்பி, சீலையில் மணலைக்கூடத் தட்டாமல் என்னிடம் வந்தாள்.

"பிள்ளை, இதை ஆர் கொண்டுவந்து தந்தது?"

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நிலானி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சுற்றிவர அறுபது பிள்ளைகள். படம் எடுக்கிறவர் வேறு பக்கத்தில்.

"தபால்லை வந்தது, அக்கா" என்றேன்.

முதல் பொய்யை இரக்கத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்வோம். இது பயத்தில் சொன்னது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பஸ் போனபிறகு பொறுப்பாளரிடம் ஓடிப்போய் அழுதேன். "விடும் பிள்ளை. ரண்டு நாளிலை மறந்திடுவினம். அறிக்கையிலை உந்தக் கதையைப் போடாதேயும்" என்றார். போடவில்லை. அறிக்கையில் வேறு ஒன்று வந்தது, பிறகு நானே பார்த்தேன்: தண்ணீர் தெறிக்கச் சிரிக்கிற நிலானியின் படம். கீழே, சாப்பிட மறுத்த சிறுமி பாசறையால் மீண்ட கதை.

இரண்டு மாதம் கழித்து, ஒருநாள் காலமை எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு தாயும் மகளும் வந்தார்கள். நிறுவனத்தில் என் விலாசம் கேட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு கட்டு முருங்கைக்காய். மகளைக் கிணற்றடியில் நின்று விளையாடச் சொல்லிவிட்டு, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தாய் கதைக்கத் தொடங்கினாள். கடிதத்தை ஒரு விசாரணைக்குக் கொண்டு போனாளாம். அங்கே இருந்த அதிகாரி வாசித்துவிட்டு, "ஆள் கொழும்பிலை சுகமாய் இருக்கிறார் எண்டு நீங்களே எழுத்திலை கொண்டு வந்திருக்கிறியள். இது காணாமல் போனவைக்கான விசாரணை அம்மா" என்று திகதியைத் தட்டிக் காட்டினாராம். அவளுடைய முறைப்பாட்டுக் கோவையை மூடி மற்றப் பக்கம் எடுத்து வைத்துவிட்டார்களாம்.

"பறவாயில்லை. அவர் இருக்கிறார்தானே, அது காணும்" என்றாள். "ஒண்டு மட்டும் வேணும் பிள்ளை. கடிதம் வந்த உறை இருக்கோ? முத்திரை குத்தின உறை? அது இருந்தால் எந்தத் தபால் கந்தோர் எண்டு பாத்து நான் தேடிப் போயிடுவன்."

அன்றைக்குச் சொன்னேன். கடவுள் சத்தியமாகச் சொன்னேன். "அக்கா, உறை இல்லை. அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினனான். பிள்ளை சாப்பிடேல்லை எண்டு எழுதினனான்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் திரும்பிப் படலையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆரும் வந்து வெருட்டினவையோ?"

"இல்லை அக்கா, ஐயோ, நான்தான்..."

"பயப்பிடாதை. உன்ரை பேரை நான் ஒரு இடமும் சொல்லன். நீயும் குமர்ப்பிள்ளை, உனக்கேன் கரைச்சல்?"

அலுமாரியைத் திறந்து கொப்பியும் பேனையும் எடுத்து வந்து, அதே ஐந்து வரியை அதே சரிவில் அவளுக்கு முன்னால் எழுதிக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. "காணும் பிள்ளை, விடு. பார், கை நடுங்குது உனக்கு. அவருக்கும் நடுங்கித்தான் இருக்கு. அதுதான் எழுத்து மாறிக் கிடக்கு" என்றாள். எங்கள் ஊரில், சொன்ன சொல்லை ஒருவர் மாற்றிச் சொன்னால் யாரோ வந்து வெருட்டிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அப்படி ஆயிரம் கதையை நாங்கள் பார்த்துவிட்டோம். உண்மையைச் சொல்லவந்த ஒருத்திக்கு அந்த ஊரில் இடமில்லை. என் தலையைத் தடவிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா அந்த முருங்கைக்காயில் கறி வைத்தாள். நான் வயிற்றுக் குத்து என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

பிறகு நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன், வேலை கிடைத்தது, கலியாணம் நடந்தது. ஊர் உலகத்தில் எல்லாருக்கும் நடக்கிறதெல்லாம் எனக்கும் நடந்தது. ஒன்று மட்டும் மாறியது. ஐந்தாம் வகுப்பில் கடிதம் எழுதுகிற பாடம் வந்தால் நான் எடுக்கமாட்டேன். பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக அவவுடைய வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குப் பழக்குவேன். வெயிலில் நின்று வேகிறது எனக்குச் சுகம். எனக்கு விளையாட்டில் பைத்தியம் என்று பள்ளிக்கூடத்தில் பெயர்.

நிலானியின் தாயைப் பிறகு தெருவோரத்துப் பந்தலில்தான் கண்டேன். காணாமல் போனவர்களின் படங்களை வைத்துக்கொண்டு இருந்த தாய்மாரோடு அவளும் இருந்தாள். படத்தோடு, பிளாஸ்ரிக் உறை போட்ட என் கடிதமும் அவள் மடியில். ஒவ்வொரு முறை பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதும் நான் மற்றப் பக்கத்து ஆசனத்தைப் பிடித்துக்கொள்வேன். அவளுடைய நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. நிலானியின் தகப்பனுக்குத் திவசம் செய்வோம் என்று பெரியம்மா கேட்டதற்கு, உயிரோடு இருக்கிற மனிசனுக்கு எள்ளுத் தண்ணி இறைக்கச் சொல்கிறாயா என்று சண்டை பிடித்து, ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு கதை பேச்சில்லாமல் போனார்களாம். பந்தலில் இல்லாத நாட்களில் கொழும்பில். கொழும்பில் எந்தக் கந்தோரும், எந்தச் சிறைச்சாலை வாசலும் அவள் ஏறி இறங்காமல் மிச்சமில்லை என்று என்னோடு படிப்பிக்கிற கொடிகாமத்து ரீச்சர் சொல்லுவா. பாவம், கொஞ்சம் மூளை பிசகிவிட்டது என்றும் சொல்லுவா. நான் கொப்பி திருத்திக்கொண்டிருப்பேன்.

போன வருசம் அந்த ரீச்சர்தான் சொன்னா, நிலானியின் தாய் செத்துவிட்டா என்று. நெஞ்சு வலியாம். நான் எட்டாம் நாள் சடங்குக்குப் போனேன்.

அந்தப் பாசறை நடந்த பள்ளிக்கூடம் இப்போது இல்லை. பிள்ளைகள் இல்லையென்று மூடி, பிறகு யாரோ வெளிநாட்டுக்காரருக்கு விடுதி கட்டியிருக்கிறார்கள். வேம்பைத் தறித்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயர்ப்பலகை எப்போதோ போய்விட்டது. பொறுப்பாளர் அண்ணை கனடாவில். ஊரில் கேட்டால், அப்படியொரு பாசறை நடந்ததா என்பார்கள். சடங்குக்குப் போனபோது, கொடிகாமத்து வளவில் தாயும் மகளும் இருந்த கொட்டிலும் சரிந்து போய்க் கிடந்தது. நிலானி பெரியம்மா வீட்டு விறாந்தையில் ஆட்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது. பின்னல் இல்லை, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்கோ அக்கா" என்றாள். ஒருமுறை யோசிக்கக்கூட இல்லை.

ஆட்கள் போகும்வரை இருந்துவிட்டுச் சொன்னேன். "அந்தக் கடிதம்..."

"தெரியும்" என்றாள். "உங்கடை வீட்டிலை நீங்கள் அம்மாவுக்குச் சொல்லேக்கை நான் கிணத்தடியிலை நிக்கேல்லை. யன்னலுக்குக் கீழை நிண்டனான். பஸ்ஸிலை வரேக்கை, அக்கா சொல்லுறது உண்மை அம்மா எண்டு சொன்னன். கன்னத்திலை ஒரு அடி. அதுதான் அவ எனக்கு அடிச்ச முதல் அடி. அதுக்குப் பிறகு, நான் அப்பா செத்திட்டார் எண்டு சொல்லுற பிள்ளை. என்னோடை அவ முகம் குடுத்துக் கதைச்சதில்லை."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி மறித்தாள்.

"அந்தக் கடிதம் இல்லாட்டில் அம்மா ஒரு வருசம் அழுது குழறியிருப்பா. ரண்டு வருசம் குழறியிருப்பா. பிறகு எழும்பி எனக்குத் தலை இழுத்துவிட்டிருப்பா. நான் பெரிசானது பெரியம்மாவின்ரை கையிலை. எனக்குக் காய்ச்சல் வரேக்கையும் அவ பந்தல்லை, நான் சோதனை எடுக்கேக்கையும் அவ கொழும்பிலை. அப்பாவை ஆரோ கொண்டு போச்சினம். ஆரெண்டு எனக்குத் தெரியாது. அம்மாவைக் கொண்டு போனது நீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். தாய், மகள் இரண்டு பேரில், அன்றைக்கு நான் சொன்ன உண்மையை நம்பினவள் அவள்தான்.

"ஓம்" என்றேன்.